பேஸ் சேஞ்சர் பேஸை மாற்றும், உண்டாக்காது

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பிவிட்டால் எங்கள் பல்லடம் பக்கம் தென்னமட்டை ஒன்று லைனில் விழுந்தாலே போதும், மூன்று பேஸில் (கரண்ட் வரும் மூன்று கம்பிகளில்) ஒன்று போய்விடும். முன்பெல்லாம் பியூஸ் கேரியரைப் பிடுங்கி அடுத்த பேஸில் சொருகுவோம். அந்த வேலையை இப்போது ஆட்டோமேட்டிக் பேஸ் சேஞ்சர் பார்த்துக்கொள்கிறது. நல்ல சாமான்தான், மாட்டுவதில்தான் கோளாறு.

"இதைப் போட்டா ரெண்டு பேஸ்லயே கிணத்து மோட்டார் ஓடுமுங்களா?" என்று தோட்டத்துக்காரர் ஒருவர் கேட்டார். ஓடாதுங்க. மூன்று பேஸும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்குவதால்தான் மோட்டார் சுழல்கிறது. இருக்கிற பேஸையே இன்னொரு முனைக்கும் கொடுத்தால் அந்த இடைவெளி கிடைக்காது. மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், கொஞ்ச நேரத்தில் காயில் கருகும். கண்டன்சர் போட்டு ஓட்டுவது வேறு வித்தை. அதிலும் முழு இழுவை கிடைக்காது. மோட்டாருக்கு வேண்டியது ஒரு பேஸ் போனதும் நிறுத்திவிடும் பிரிவென்டர். சேஞ்சர் வீட்டு லைட்டு, ஃபேன், பிரிட்ஜுக்கு.

அதிகம் பார்க்கும் தவறு லோடு விஷயம். தெரிந்தவர் ஒருவர் மாடிக்கு ஒன்றாக மூன்று சேஞ்சர் மாட்டினார். ஆர், ஒய், பி என்பவை மூன்று பேஸின் பெயர்கள்; மூன்று சேஞ்சருக்கும் அதே வரிசையில் கொடுத்திருந்தார். அந்த வகை சேஞ்சர் முதல் முனையில் கரண்ட் இருந்தால் அதை விட்டு நகராது. ஆக, எந்தப் பேஸும் போகாத நாளிலேயே மூன்று மாடியும் ஆர் பேஸில்தான் தொங்கின. 2000 வாட் கீசர் ஒன்றே 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். காலையில் மூன்று மாடிக் கீசரும் சேர்ந்து ஓடியதில் ஆர் பியூஸ் கேரியர் பொசுங்கி, பீங்கான் கறுத்துப்போயிற்று. மற்ற இரண்டும் புதுசு மாதிரி இருந்தன! ஒன்றுக்கு ஆர், அடுத்ததற்கு ஒய், மூன்றாவதற்கு பி என்று முதல் முனையை மாற்றிக் கொடுத்ததும் சரியானது. அப்போதும் இரண்டு பேஸ் போனால் எல்லாம் மிச்சமுள்ள ஒன்றில்தான் சேரும். கீசர், ஏசியைச் சேஞ்சருக்கு வெளியே வைப்பதே என் வழக்கம்.

நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் பொதுக் கம்பி) அறுந்தால் சேஞ்சர் காப்பாற்றாது. லோடு குறைந்த பேஸில் 230 இருக்க வேண்டிய வோல்டேஜ் 400 வரைகூட ஏறலாம், டிவி போய்விடும். ஹை வோல்டேஜ் கட்-ஆஃப் உள்ளதாக வாங்குங்கள். பிரிட்ஜுக்கு, கரண்ட் போய் வந்தால் மூன்று நிமிடம் கழித்தே கொடுக்கும் தாமதமும் வேண்டும்.

செலவு மிச்சமென்று இன்டர்லாக் (ஒன்று பிடித்திருக்கும்போது இன்னொன்று பிடிக்காமல் தடுக்கும் ஏற்பாடு) இல்லாமல் காண்டாக்டர்களை (காயிலால் இயங்கும் பெரிய ஸ்விட்சுகளை) வைத்து லோக்கலில் கட்டித் தருவதை வாங்கவே வேண்டாம். ஒன்று விடுவதற்குள் இன்னொன்று பிடித்தால் 415 வோல்ட் நேருக்கு நேர் ஷார்ட்.

அப்புறம், பெட்டியைத் திறக்கும்போது ஒரு பியூஸை மட்டும் பிடுங்கிவிட்டுக் கை வைக்காதீர்கள். சேஞ்சர் உடனே அடுத்த பேஸுக்குத் தாவி அதே வயரில் கரண்டைக் கொண்டுவந்துவிடும். மூன்றையும் சேர்த்துத் துண்டிக்கும் மெயினை இறக்கி, ஒவ்வொரு முனையிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு ஸ்க்ரூவைத் தொடுங்கள்.