உயிர் இறால் போட்டும் கடிக்கவில்லையா? பினாங்குக் கரையில் நாம் செய்கிற தவறுகள்

சனிக்கிழமை சாயங்காலம் கர்ப்பால் சிங் டிரைவ் கல்சுவர் ஓரமாக ஒரு நடை நடந்து பாருங்கள். வரிசையாகத் தூண்டில் ராடுகள் நிற்கும். புது ரீல், புது நரம்பு, நெற்றியில் விளக்கு, பக்கத்தில் ஐஸ் பெட்டி. ஆனால் ஒவ்வொருவரையும் இழுத்துக் காட்டச் சொன்னால், பல முள்களில் வெளுத்துப்போன செத்த இறால்தான் தொங்கும். ரீலுக்கு ஐந்நூறு ரிங்கிட் செலவழித்தவர் இரைக்கு ஐந்து நிமிடம் செலவழித்திருக்க மாட்டார். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன்.

இங்கே கொடுவாய் மீனைச் சியாக்காப் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். சியாக்காப்பும், காலா மீனான செனாங்கினும் உயிரோடு துள்ளுகிற இறாலுக்கு வருகிற மாதிரி வேறு எதற்கும் வருவதில்லை. செத்த இறாலுக்கும் மீன் வரும். ஆனால் கிலாமா (கத்தாழை), டூரி (கடல் கெளுத்தி), பேத்தை என்று வருகிற கூட்டமே வேறு.

முதல் தவறு வீட்டிலிருந்து கிளம்பும்போதே நடக்கிறது. பாஞ்சிங் கடையில், அதாவது தூண்டில் சாமான் கடையில், முப்பது இறால் வாங்கி, ஒரு சின்ன வாளியில் கொட்டி, கார் பூட்டில் வைத்துவிட்டு வழியில் தே தாரிக் குடிக்க நிறுத்துவோம். பூட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கிற காற்று குறையும். இறாலுக்கோ அந்தச் சூட்டில்தான் காற்று அதிகம் தேவைப்படும். பேட்டரி பம்ப் ஓடினாலும் போதாது. ஒரு பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, மூடியைத் திறக்காமல் அப்படியே வாளிக்குள் போடுங்கள். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள், உருகி உப்பைக் குறைத்துவிடும். வாளி பாதி காலியாக இருக்கிறதே என்று குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். உப்பு இல்லை, போதாததற்குக் குளோரின் வேறு. இறால் தாங்குமா?

இன்னொன்று: செத்ததை உடனே எடுத்துவிட வேண்டும். ஒன்று செத்து வாளியில் கிடந்தால் தண்ணீர் கெட்டு மற்றதும் பின்னாலேயே போகும். கரைக்குப் போனதும் வாளித் தண்ணீரை மொத்தமாக மாற்றாமல், கடல் தண்ணீரை ஒரு குவளை ஒரு குவளையாகச் சேருங்கள்.

அப்புறம் கோர்க்கிற விஷயம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பத்து மாவுங் பக்கம் வழக்கமாக உட்காருகிற ஒரு பெரியவர். நான் இறாலின் தலை நடுவில் முள்ளை ஏற்றுவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, அத கொன்னுட்டு எதுக்கு உயிர் இறால் காசு குடுத்த?" என்றார். வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஓடு கண்ணாடி மாதிரி இருக்கும், தலைக்குள் கறுப்பாக ஒரு திட்டுத் தெரியும். இதயம், வயிறு, முக்கியமான எல்லாம் அந்தப் பக்கம்தான். முள் அதைத் தொட்டால் இறால் அப்போதே முடிந்தது. தலைக் கொம்பின் அடியில், அந்தக் கறுப்புக்கு முன்னால், வெறும் ஓடு மட்டும் இருக்கிற இடத்தில் முனையைப் பக்கவாட்டில் நுழைத்து மறுபக்கம் எடுக்க வேண்டும். அவர் கோர்த்த இறாலை வாளியில் விட்டுக் காட்டினார். ஒன்றுமே நடக்காத மாதிரி காலை அடித்துக்கொண்டு நீந்தியது. வாலைச் சுண்டிப் பின்பக்கமாகத் தாவுவதுதான் இறாலின் தப்பிக்கும் வழி. கொம்பில் கோர்த்தால் அந்தத் தாவல் கெடாது. அந்தத் தாவல்தான் சியாக்காப்பைக் கூப்பிடுகிறது.

இப்படிக் கோர்த்த இறாலைப் பலம் கொண்ட மட்டும் வீசினால் இறால் ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம் போகும். ராடை வெடுக்கென்று சுண்டாமல், ஊஞ்சல் மாதிரி ஆட்டி மெதுவாக விடுங்கள். தூரம் போகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். எல்லோரும் ஜெரஜாக் தீவைத் தொடுகிற மாதிரி வீசுவார்கள். சியாக்காப்போ தண்ணீர் ஏறும்போது கல்லுக்கும் தூணுக்கும் இடையில், உங்கள் காலடியில்தான் இரை தேடும். தூரம் வீசியே ஆக வேண்டிய இடம் என்றால் வாலில் கோர்த்துக்கொள்ளலாம். ஆட்டம் கொஞ்சம் குறையும், ஆனால் கழன்று போகாது.

முள் அளவைப் பற்றிப் பேசினால் சண்டை வரும். என் கட்சி: இறாலுக்கு ஏற்ற முள், மீனுக்கு ஏற்ற முள் அல்ல. குளிர் நாடுகளில் ட்ரவுட் பிடிக்கிறவர்கள் ஒற்றைச் சால்மன் முட்டைக்குள் மறைந்துவிடுகிற அளவுக்குச் சின்ன முள்ளைப் போடுவார்கள். நாம் விரல் நீள இறாலுக்குக் கொக்கி மாதிரி முள்ளைப் போட்டு அதை மூழ்கடிக்கிறோம். ஈயமும் அப்படித்தான். நீரோட்டத்தில் உருளாமல் நிற்கிற அளவு போதும். நடுவில் துளையுள்ள ஈயம் நரம்பில் தாராளமாக ஓட வேண்டும். மீன் இரையை எடுத்துக்கொண்டு நகரும்போது கனம் தெரிந்தால் துப்பிவிடும்.

முள்ளுக்கு முன்னால் கட்டுகிற தடித்த நரம்பான லீடரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சியாக்காப்பின் செவுள் மூடி ஓரம் கத்தி மாதிரி. மெல்லிய நரம்பு அதில் உரசினால் போச்சு. முப்பது, நாற்பது பவுண்டு லீடர் அரை மீட்டர் போட்டுக்கொள்ளுங்கள். பிடித்த மீனைச் செவுளில் விரல் விட்டுத் தூக்காமல் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

முனை உள்பக்கமாக வளைந்த வட்ட முள் போடுகிறவர்கள் செய்கிற தவறு இன்னும் வேடிக்கை. கடி விழுந்ததும் சினிமா சண்டை மாதிரி ராடைப் பின்னால் இழுப்பார்கள். மீன் வாயிலிருந்து முள் சுத்தமாக வெளியே வந்துவிடும். வட்ட முள் தானாகவே வாய் ஓரத்தில் திரும்பி மாட்டுகிற வேலைப்பாடு. நரம்பு இறுகட்டும், நிதானமாகச் சுற்றுங்கள், அவ்வளவுதான். சாதாரண முள் என்றால் நேர் எதிர். ராடை ஊன்றிவிட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தால் மீன் விழுங்கிவிடும். சின்ன மீன் அப்படி ஆழமாக விழுங்கியிருந்தால் முள்ளைப் பிடுங்காமல், நரம்பை வாயருகே வெட்டி விட்டுவிடுவதுதான் அதற்கு நல்லது. பெரியதை விடலாமா என்பது அவரவர் மனம். ஒரு தகவல் மட்டும்: சியாக்காப் முதலில் ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறுகிற மீன். மிகப் பெரியதாகக் கிடைப்பது பெரும்பாலும் முட்டையிடுகிற பெண்தான்.

நேரம் பார்க்காமல் போவதும் தவறுதான். பினாங்கில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். இன்றைக்கு இருந்த நேரத்துக்கு நாளை ஏறாது, கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். போன சனிக்கிழமை ஆறு மணிக்குக் கடித்ததே என்று இந்தச் சனிக்கிழமையும் ஆறு மணிக்குப் போனால், கரையில் சேற்றையும் கொக்கையும் பார்த்துவிட்டு வரலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் பலமாக இருக்கும், இறால் நிற்காது, குப்பை வந்து நரம்பில் சுற்றும். அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்பார்கள் வீட்டில். தண்ணீர் அமைதியாக இருப்பதென்னவோ அந்த நாட்களை ஒட்டித்தான். எனக்குப் பிடித்தது ஏற்றம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரம்.

விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்று கிளம்பி வானம் கறுத்தால், ராடைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்குங்கள். கார்பன் ராடு மின்சாரம் பாயக்கூடிய பொருள். மின்னல் வெட்டும்போது கடற்கரையில் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பதில் வீரம் ஒன்றும் இல்லை.

இருட்டில் வெறுங்கையால் மீனைக் கழற்றுவது நான் செய்த தவறு. கெளுத்திதானே என்று பிடித்தேன், அது விலாங்கு மாதிரி வாலுள்ள செம்பிலாங். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று விஷ முள். குத்தியது கட்டை விரலில், வலி தோள் வரை ஏறியது. ஆளாளுக்கு ஐஸ் வை, மஞ்சள் வை என்றார்கள். ஐஸ் கூடாது. தோல் வெந்துபோகாமல் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை முக்கி வைக்க வேண்டும், அந்த விஷத்தின் வேகம் சூட்டில் குறையும். அப்புறம் கட்டாயம் மருத்துவரிடம் போக வேண்டும், முள் துண்டு உள்ளே ஒடிந்திருக்கலாம். இப்போது ஒரு ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் இடுக்கியும் இல்லாமல் நான் போவதில்லை. வெந்நீர் தேவைப்படாத இரவுகளில் மைலோ கலக்க உதவும்.

பேத்தை மாட்டினால் வயிறு உப்புவதைக் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு விட்டுவிடுங்கள். அதன் விஷம் எவ்வளவு கொதித்தாலும் போகாது.

மிஞ்சிய இறாலை அப்படியே உறைய வைக்கிறோம் பாருங்கள், அதுவும் வீண். அடுத்த வாரம் எடுத்தால் கூழாகி முள்ளில் நிற்காது. தலையோடு கல்லுப்புப் புரட்டி, செய்தித்தாளில் சுற்றி, ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்து, தண்ணீரை வடித்துவிட்டு உறைய வையுங்கள். சதை இறுகிவிடும், கிலாமாவுக்கு அருமையான இரை. ஐஸ்க்ரீம் டப்பாவில் மட்டும் வைக்காதீர்கள். வைப்பதானால் மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் அந்த டப்பாவை அக்கா மகன் கரண்டியோடு திறந்துவிட்டான்.