கல்யாணப் பத்திரிகையில் ஒரு விமானம் செய்வோம்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் கோவைப் பக்கம் போகும் விமானம் தெரியும். அக்கா மகன் மலையாளம் மீடியம். "மாமா, அது சிறகை அடிக்கவே இல்லையே, அப்புறம் எப்படிப் பறக்குது?" என்று கேட்டான். படம் வரைந்து பாகங்களின் பெயரைச் சொன்னேன். கொட்டாவி விட்டான். சரி, செய்தே பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். ஒவ்வொரு பாகமாகக் கழற்றிவிட்டு எறிந்தபோதுதான் அவனுக்குப் புரிந்தது.

வேண்டியவை: பழைய கல்யாணப் பத்திரிகை இரண்டு (அட்டை தடிமனாக இருக்கட்டும்), 30 செ.மீ. மூங்கில் குச்சி, ரப்பர் பேண்ட், பசை, கொஞ்சம் களிமண். தெர்மாகோல் தட்டு இன்னும் நன்றாகப் பறக்கும். ஆனால் தமிழ்நாட்டில் 2019 முதலும் கேரளத்தில் 2020 முதலும் அதற்குத் தடை. எல்லையின் எந்தப் பக்கக் கடையிலும் கேட்டுப் பயனில்லை.

படி 1: உடல். மூங்கில் குச்சிதான் உடல். நிஜ விமானத்தில் ஆளும் சரக்கும் இருக்கும் குழாய் இது.

படி 2: இறக்கை. 24 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் ஓர் அட்டை. நடுவில் லேசாக மடித்து இரு முனைகளையும் 2 செ.மீ. உயர்த்துங்கள். விரித்த புத்தகம் மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் தானாக நிமிர இந்த மடிப்புதான் உதவும். மூக்கிலிருந்து 8 செ.மீ. தள்ளி ரப்பர் பேண்டால் கட்டுங்கள். ஒட்டிவிடாதீர்கள், பிறகு நகர்த்த வேண்டிவரும்.

இறக்கை அடிக்காமலே தூக்குவது எப்படி? பைக்கில் பின்னால் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டி, முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். கை மேலே போகும். கை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று கையை மேலே தள்ளுகிறது. எஞ்சினின் வேலை முன்னால் இழுப்பது, தூக்குவது இறக்கை.

படி 3: வால். படுத்த துண்டு ஒன்று, 10 × 3 செ.மீ. நிற்கும் துண்டு ஒன்று, 4 × 4 செ.மீ. இரண்டையும் குச்சியின் கடைசியில் ஒட்டுங்கள்.

படி 4: களிமண். பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளி, அடியில் இரு விரல் நுனிகளால் தாங்குங்கள். வால் தொங்கினால் மூக்கில் களிமண் வையுங்கள். மட்டமாக நிற்கும்வரை வையுங்கள். எங்களுக்கு ஒரு சுண்டைக்காய் அளவு போதவில்லை, நெல்லிக்காய் அளவு ஆனது.

படி 5: எறிதல். விடியற்காலையில் எறியுங்கள். பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக் காற்றுக்கு அம்மி நகருமோ என்னவோ, அட்டை விமானம் பனைமரத்தில்தான் போய் மாட்டும். இளங்காற்று இருந்தால் அதை எதிர்த்து எறியுங்கள். பெரிய விமானங்களும் எதிர்க்காற்றில்தான் ஏறும், இறங்கும். மூக்கைத் துளி தாழ்த்தி, வீசாமல் தள்ளிவிடுங்கள்.

மேலே எழும்பி, நின்று, பொத்தென்று விழுந்தால் பின்பாரம் அதிகம். காற்று இறக்கையின் மேல்புறத்தைப் பற்றாமல் விலகிவிடுகிறது. இதை ஸ்டால் என்பார்கள். எஞ்சின் நின்றுபோவது என்று பலர் நினைப்பது தவறு. களிமண்ணைக் கூட்டுங்கள். நேரே தரையில் குத்தினால் படுத்த வாலின் பின்விளிம்பை லேசாக மேலே வளையுங்கள். அந்த வளைவுதான் எலிவேட்டர். இடப்பக்கம் போனால் நிற்கும் வாலின் பின்விளிம்பை வலப்பக்கம் வளையுங்கள், அது ரடர். இறக்கை முனைகளில் ஒன்றின் பின்விளிம்பை மேலேயும் மற்றதன் பின்விளிம்பைக் கீழேயும் வளைத்தால் உருளும், அது எய்லரான். 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் எஞ்சின் விமானம் முதன்முதலில் 12 விநாடி பறந்தது. எஞ்சினைவிட, இந்த மூன்று திசை அசைவையும் அடக்கியதுதான் அவர்களின் பெரிய வெற்றி என்பேன்.

இப்போது படுத்த வாலைப் பிய்த்துவிட்டு எறியுங்கள். கரணம் அடிக்கும். நிற்கும் வாலைப் பிய்த்தால் பக்கவாட்டில் அலையும்.

படி 6: அண்ணாந்து பார்த்து வகை சொல்வது. இறக்கை உடலின் உச்சியில், காற்றாடி இரண்டு, வாலின் தலையில் படுத்த துண்டு என்றால் ஏடிஆர். இறக்கை அடிவயிற்றில், அதன் கீழே இரண்டு ஜெட் எஞ்சின் என்றால் ஏர்பஸ் 320 போன்றது. ஹெலிகாப்டருக்கு மேலே சுற்றும் தகடுகளே இறக்கை; வாலில் உள்ள சின்னச் சுழலி இல்லையென்றால் உடலும் எதிர்ப்பக்கம் சுற்றும். பொங்கலையொட்டிப் பொள்ளாச்சியில் பறக்கவிடும் வெப்பக்காற்று பலூனும் வானூர்திதான், ஆனால் விமானம் அல்ல.

சூலூர் விமானப்படைத் தளத்தில் இருக்கும் தேஜஸ் போர்விமானத்தின் படத்தைக் காட்டியதும் பையன் மடக்கினான். "மாமா, இதுக்குப் படுத்த வாலே இல்லையே, கரணம் அடிக்காதா?"

பள்ளி நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, எல்லாரும் வகுப்பில் செய்யும் ராக்கெட்டை மடித்துக் கொடுத்தேன். முக்கோண இறக்கை, வால் கிடையாது. மூக்கைக் குத்தி விழுந்தது. பின்மூலைகள் இரண்டையும் ஒரு நகக்கண் அளவு மேலே மடித்துக் கொடுத்தேன். மாடியைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள் போய்விட்டது. அவன் செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினான்.