பழைய படமாளிகையை சிம்பொனி மண்டபமாக்குவது எப்படி?

படமாளிகையில் வசனம் தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதால் முழக்கம், அதாவது ஒலி நின்றபின்னும் மண்டபத்தில் தங்கும் எதிரொலி, ஏறத்தாழ ஒரு செக்கனில் அடங்கிவிடும். சிம்பொனிக்கு, அதாவது பெரிய மேற்கத்திய வாத்தியக்குழுவின் இசைக்கு, அது 1.8 முதல் 2.2 செக்கன் வரை நிற்கவேண்டும். அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் 1925இல் திறந்த படமாளிகையொன்று 1968இல் பவல் ஹோல் என்ற சிம்பொனி மண்டபம் ஆனது. அந்தக் காலத்து மாளிகைகள் மேடை நிகழ்ச்சிக்கும் சேர்த்துக் கட்டப்பட்டவை, உயரம் தாராளம், முழக்கம் நிற்க இடமுண்டு. உங்கள் கொழும்புப் படமாளிகையில் அந்த உயரம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள்.

மண்டபத்தின் கன அளவைக் கதிரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 8 முதல் 10 கன மீற்றர் வரவேண்டும். 6000 கன மீற்றரில் 1000 கதிரை என்றால் 6தான். 700 ஆகக் குறைத்தால் 8.6. உரிமையாளர் முகம் சுளிப்பார். பொய்க்கூரைக்கு மேல் வெற்றிடம் இருந்தால் பொய்க்கூரையைக் கழற்றிக் கன அளவைக் கூட்டுவதே மலிவான வழி.

எந்தக் கதிரைகளை எடுப்பது? பல்கனிக்குக் கீழே, அதன் வாய் உயரத்தைவிட ஆழமாகப் போகும் பின்வரிசைகளை எடுங்கள். அங்கே இசை மங்கித்தான் கேட்கும். முன்வரிசைகளும் போகவேண்டும். திரைக்குப் பின்னால் சில மீற்றர் இடமே இருக்கும். 80 கலைஞர்களுக்கோ ஆளுக்கு 2 சதுர மீற்றர் வீதம் 160 சதுர மீற்றர் தேவை. மேடையை முன்னோக்கி நீட்டுங்கள்.

ஒலியை உறிஞ்சும் திரைச்சீலை, சுவர்த்துணி, தரைவிரிப்பு எல்லாவற்றையும் அகற்றுங்கள். மெத்தைக் கதிரைகளில் மட்டும் கைவைக்க வேண்டாம்: ஆள் இல்லாதபோதும் அவை ஏறக்குறைய ஓர் ஆளளவு ஒலியை உறிஞ்சுவதால் ஒத்திகையும் கச்சேரியும் ஒரேமாதிரி கேட்கும். சாந்து வேலைப்பாடுகளைப் பலகையால் மூடுவதும் தவறு. ஒலியைச் சிதறவிடுபவை அவைதான். மேடையைச் சுற்றி மெல்லிய பிளைவூட் அடித்தால் அது அதிர்ந்து டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் தாழ்ந்த ஒலியைத் தின்றுவிடும். சதுர மீற்றருக்கு 20 கிலோவுக்குக் குறையாத பலகை போடுங்கள்.

பலூன் உடைத்துப் பாருங்கள். வளைந்த பின்சுவரிலிருந்து சத்தம் தனி வெடிபோலத் திரும்பிவந்தால், அங்கே ஆழம் மாறிமாறி வரும் மரப்பட்டிகளை அடிக்கவேண்டும்.

அதிகச் செலவு அமைதிக்குத்தான். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்றால் காலி வீதி பஸ் ஹோர்ன் ஒரு பக்கம், கரையோர ரயில் மறுபக்கம். வாசல்தோறும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு வேண்டும். அஸ்பெஸ்டஸ் கூரையில் ஐப்பசி மழை விழுந்தால் மெல்லிய வயலின் பகுதி காலி. உயரம் குறையாதபடி கூரையை ஒட்டிக் கீழே ஸ்பிரிங் கொளுக்கியில் இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகையைத் தொங்கவிட்டு, மேலே ரொக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பரப்புங்கள். அஸ்பெஸ்டஸை உலர்ந்தபடி துளைக்கவோ உடைக்கவோ கூடாது. ஏசி குழாய்களைப் பெரிதாக்கிக் காற்றை மெதுவாக விடுங்கள். இரவில் ஏசியை நிறுத்தினால் கடற்கரை ஈரப்பதம் ஏறி மெத்தையிலும் பியானோவிலும் பூஞ்சணம் பிடிக்கும். ஈரப்பதம் 50–60 வீதத்தில் நிற்கட்டும்.

புரொஜெக்டர் அறையை உடைக்காதீர்கள். துளைகளுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டால் ஒலிப்பதிவுக்கு அதுவே போதும்.