ஈசல் வறுவல்: பக்குவமும் அளவும்

மழை ஓய்ந்த மாலையில் புற்றைவிட்டுக் கிளம்பும் ஈசலை மோரில் இட்டுப் புளிக்கவைத்து உண்ட வழக்கம் சங்கப் பாடலிலேயே காணப்படுகிறது. இன்று பூச்சி உணவைக் குடல்நலத்தோடு சேர்த்துப் பேசுவதற்குக் காரணம், அதன் மேலோட்டிலுள்ள கைட்டின் என்னும் நார்ப்பொருள். வயிற்றில் முழுவதும் செரிக்காத அது, பெருங்குடலிலுள்ள நுண்ணுயிரிகளுக்கு இரையாகக்கூடும். அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேர் இரண்டு வாரம் நாள்தோறும் 25 கிராம் சுவர்க்கோழி மாவு சேர்த்த காலை உணவை உண்டபோது, பிஃபிடோபாக்டீரியம் அனிமாலிஸ் என்னும் நல்ல பாக்டீரியா 5.7 மடங்கு பெருகியது. ஆனால் அது சிறிய ஆய்வு, சோதித்ததும் சுவர்க்கோழியைத்தான். ஆகவே ஈசலை மருந்தாக எண்ணாமல் உணவாகவே உண்ணலாம்.

விளக்கை ஏற்றி, அதன் கீழே அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் ஈசல் தானே வந்து விழும். பூச்சிமருந்து அடித்த வயலையோ கறையான் மருந்து ஊற்றிய சுவரையோ ஒட்டிப் பிடித்ததை உண்ணக் கூடாது.

பக்குவத்தில் பாதி, இறகு நீக்குவதில்தான் இருக்கிறது. நனைந்த இறகு உடலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், நீரை வடித்துத் துணியில் பரப்பி ஈரம் போக்கிய பிறகே இரும்புச் சட்டியில் இளந்தீயில் இட்டுக் கிளற வேண்டும். இறகு சுருங்கி முறுகியதும் இறக்கி, ஆறவிட்டு, உள்ளங்கைகளுக்கிடையே மெல்லத் தேய்த்து முறத்தில் புடைத்தால், இறகெல்லாம் பறந்துபோய்ப் பழுப்பு நிற உடல் மட்டும் நிற்கும். அதை மறுபடியும் வறுக்கும்போது எண்ணெய் விட வேண்டாம். ஈசலின் கொழுப்பே கசிந்து சட்டியை மினுக்கும். விரலால் நசுக்கினால் நொறுங்க வேண்டும். குழைந்தால் இன்னும் வேகவில்லை. பிறகு வறுத்த அரிசி, பொட்டுக்கடலை, உப்பு, சிறிது மிளகாய்த்தூள் சேர்த்துக் கலக்கலாம்.

முதல்முறை உண்பவர் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்தி, மறுநாள் வயிறு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. கொழுப்பு மிகுந்த பண்டமாகையால், பழகியவருக்கும் ஒரு கைப்பிடி போதும். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். அவற்றில் ஒவ்வாமையை உண்டாக்கும் டிரோப்போமயோசின் என்ற புரதம் பூச்சிகளிலும் இருக்கிறது.

மிஞ்சியதை நன்றாக ஆறவைத்து, ஈரமில்லாத டப்பாவில் இறுக மூடி வைக்கவும். காறல் வாடை தட்டினால் கொட்டிவிட வேண்டியதுதான்.