ஒரே வட்டம், துணி நிறைய இதழ்கள்: கைத்தையல் செய்முறை

கைத்தையல் பழகத் தொடங்குபவர்கள் பூ, பறவை, எழுத்து என்று எல்லாவற்றையும் ஒரே துணியில் போட ஆசைப்படுகிறார்கள். ஒரே ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்கள் என்பேன் நான். அதற்கு வட்டம் அருமையான தொடக்கம்.

ஜப்பானியரின் சஷிகோ தையலில் 'ஷிப்போ' என்று ஒரு டிசைன் உண்டு. வரைவது வட்டங்களை மட்டும்தான். ஆனால் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடமெல்லாம் இதழாகிவிடும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் நான்கு முனை நட்சத்திரம் தானாக வந்து உட்காரும். அதைத்தான் இப்போது தைக்கப் போகிறோம்.

தேவையானவை: 26 செ.மீ. சதுரப் பருத்தித் துணி, எம்ப்ராய்டரி நூல், ஊசி, காம்பஸ், ஸ்கேல், தண்ணீரில் அழியும் துணிப் பேனா. துணியை முதலில் அலசிக் காயவைத்துவிடுங்கள். அப்புறம் சுருங்கினால் வட்டம் கோணும்.

படி 1: வரைதல்

துணியின் நடுவில் 18 செ.மீ. சதுரம் போட்டு, 3 செ.மீ. கட்டங்களாகப் பிரியுங்கள். காம்பஸையும் 3 செ.மீ. அளவுக்கே விரியுங்கள். கோடுகள் வெட்டும் புள்ளிகளில் ஒன்று விட்டு ஒன்றை மையமாக வைத்து வட்டம் போடுங்கள். அடுத்த வரிசையில் மையங்கள் ஒரு கட்டம் தள்ளி வரவேண்டும். சதுரத்தின் ஓரத்தில் பாதி வட்டமும் மூலையில் கால் வட்டமும்தான் விழும், அப்படியே இருக்கட்டும்.

படி 2: தைத்தல்

ஆறு இழை நூலில் மூன்று இழைகளைப் பிரித்து எடுங்கள். சாதாரண ஓட்டுத் தையல் போதும்: மேலே 3 மி.மீ., அடியில் 2 மி.மீ.

ஒவ்வொரு வட்டமாகத் தைக்காதீர்கள். நூலை அடிக்கடி வெட்ட வேண்டிவரும், முடிச்சும் கூடும். முதல் வட்டத்தின் மேல் பாதி, அடுத்ததன் கீழ் பாதி, மறுபடி மேல் பாதி என்று அலைபோல ஒரே ஓட்டமாக வரிசை முழுக்கப் போங்கள். திரும்பி வரும்போது விட்டுப்போன பாதிகளைத் தைத்தால் வட்டங்கள் முழுமையாகும்.

இதழின் ஒவ்வொரு பக்கமும் கால் வட்டம். அதில் சுமார் 9 தையல் விழும். எல்லாப் பக்கத்திலும் அதே எண்ணிக்கையைக் காப்பாற்றினால் இதழ்கள் ஒரே சீராக இருக்கும். இதழ் நுனிகள் கூடும் புள்ளியில் தையல்கள் ஒன்றையொன்று தாண்டக் கூடாது. அங்கே சிறு இடைவெளி விடுங்கள், நூலை அடியில் கொண்டுபோங்கள். இழுத்துப் பிடிக்கவும் வேண்டாம். துணி சுருங்கிவிடும்.

படி 3: ஒன்றை மட்டும் மாற்றுதல்

மத்திய ஆசியாவில் சூசனி என்னும் பூத்தையல் துணிகளைப் பல குறுகிய துண்டுகளில் தனித்தனியே தைத்துப் பிறகு இணைப்பது வழக்கம். இணைப்பில் பெரிய வட்டத்தின் இரு பாதிகளும் சில சமயம் சரியாகப் பொருந்தாது. அந்தப் பொருந்தாத வட்டங்களைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நிறத்தில் மட்டும் பொருந்தாத பாதிகளை நீங்களும் தைத்துப் பாருங்கள். போகும் அலைக்கு நீலம், திரும்பும் அலைக்குச் சிவப்பு. ஒவ்வொரு வட்டமும் இரு நிறமாகும். அடுத்த வட்டத்தில் நிறங்கள் இடம் மாறும். நிறத்தை மாற்றினால் அளவைத் தொடாதீர்கள். இரண்டையும் மாற்றினால் திரும்பத் திரும்ப வரும் வடிவம் கண்ணுக்குப் பிடிபடாமல் போகும்.

முடிந்ததும் குளிர்ந்த நீரில் அலசிப் பேனாக் கோடுகளைப் போக்குங்கள். அதற்கு முன் இஸ்திரி போடவே கூடாது. சூடு பட்டால் சில பேனாக்களின் மை துணியிலேயே தங்கிவிடும்.