வகுப்புப் படத்தில் பெயர் தொலைகிற இடங்கள்

மலேசியாவில் இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டான ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை எழுதி 25, 30 ஆண்டு ஆனதும் ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழு முளைக்கிறது. அடுத்த வாரம் ஒன்றுகூடலுக்குத் தேதி குறிக்கிறார்கள். அதற்கடுத்த வாரம், "நினைவு மலர் ஒண்ணு போடலாமே" என்று யாராவது ஆரம்பிக்கிறார். சுங்கை சிப்புட் பக்கம் எல்பில், ஹீவுட், டோவன்பி, சங்காட் சாலாக் என்று தோட்டம் தோட்டமாகப் பஸ் ஏறிப் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்கு வந்து படித்தவர்களுக்கு இந்த ஆசை இன்னும் கூடுதல். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகளும் இடிந்த பிறகு, திரும்பிப் பார்க்க மிஞ்சியிருப்பது பல பேருக்கு அந்தப் படங்கள் மட்டும்தான்.

மண்டபம், சாப்பாடு, மைக் இவற்றில் நேரும் தவறு அன்றைக்கே தெரிந்துவிடும். மலரில் நேரும் தவறு அச்சாகி வந்த பிறகுதான் தெரியும். ஒவ்வொரு குழுவும் அதே பள்ளத்தில் விழுவதைப் பார்த்துப் பார்த்து எழுதுவது இது.

"93 செட்" என்றால் எந்த 93?

தமிழ்ப்பள்ளியில் 1982-ல் முதலாம் ஆண்டு சேர்ந்தவர் 1987-ல் ஆறாம் ஆண்டை முடித்து, 1988 முழுக்க, தமிழ்ப்பள்ளியிலிருந்து வருபவர்களுக்கு இடைநிலைப்பள்ளியில் இருந்த ஓராண்டுப் புகுமுக வகுப்பில் இருந்து, 1989-ல் முதலாம் படிவம் போனார். மலாய்ப் பள்ளியில் 1983-ல் சேர்ந்தவரும் அதே 1989-ல் அதே வகுப்புக்கு வந்தார். இருவரும் 1993-ல் ஒன்றாக எஸ்.பி.எம். எழுதினார்கள். பிறந்த ஆண்டை வைத்தோ ஆறாம் ஆண்டை வைத்தோ பட்டியல் போட்டால் பாதி வகுப்பு வெளியே நிற்கும். முதலாம் படிவ ஆண்டு, ஐந்தாம் படிவ ஆண்டு இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்: "1989–1993".

இளைய செட்டுக்கு வேறு சிக்கல். எஸ்.பி.எம். 2020 தேர்வு கோவிட் காரணமாக 2021 பிப்ரவரியில்தான் தொடங்கியது. சான்றிதழில் ஓர் ஆண்டு, படத்தில் இன்னோர் ஆண்டு என்று வரலாம்.

பரீட்சை எழுதியவர்களை மட்டும் கூப்பிடுவது

மூன்றாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.ஆர்.பி. தேர்வு இருந்த காலத்தில் அதில் தேறாதவர்களுக்கு நான்காம் படிவக் கதவு சாத்தப்பட்டது. 1993-ல் அதன் இடத்துக்கு பி.எம்.ஆர். வந்தது. ஆகவே எஸ்.ஆர்.பி. எழுதிய செட்டுகளில் புகுமுக வகுப்புப் படத்தையும் ஐந்தாம் படிவப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எத்தனை முகம் காணாமல் போயிருக்கிறது என்று. அவர்கள் பால்மரம் சீவப் போனார்கள், தொழிற்சாலைக்குப் போனார்கள், சிங்கப்பூருக்குப் போனார்கள். நான்கு வருடம் ஒரே பஸ்ஸில் வந்தவரை, சான்றிதழ் இல்லை என்பதற்காக வகுப்பிலிருந்து இன்னொரு முறை நீக்காதீர்கள். பட்டியலைப் புகுமுக வகுப்பிலிருந்தே தொடங்குங்கள்.

முகத்துக்குப் பெயரை ஊகித்துப் போடுவது

இதுதான் எல்லாவற்றிலும் விலை கூடிய தவறு. இன்றைக்கும் எரிச்சல் மூட்டும் தவறும் இதுதான், ஏனென்றால் இதைத் தவிர்க்க ஒரு மாலைப்பொழுதும் ஒரு பென்சிலும் போதும்.

ஒரு மலரில் இப்படி நடந்தது. வகுப்புப் படத்தின் அட்டையில் பள்ளியே அச்சிட்ட பெயர்ப் பட்டியல் இருந்தது. அதனால் யாரையும் கேட்கவில்லை. அந்தப் பட்டியல் நின்றவர்களில் தொடங்கியது. தட்டச்சு செய்தவர் உட்கார்ந்தவர்களில் தொடங்கினார். 'தீடாக் ஹாடிர்', அதாவது அன்று வராதவர் என்று குறித்திருந்த ஒரு பெயரையும் வரிசையில் எண்ணிவிட்டார். அதற்குப் பின் வந்த எல்லாரும் ஓர் இடம் தள்ளிப்போனார்கள். இறந்துபோன ஒரு மாணவரின் பெயர் வேறொருவர் முகத்துக்குக் கீழே விழுந்தது. மகனுக்காகப் புத்தகத்தை வாங்கிக்கொள்ள வந்த தாயார் மண்டபத்திலேயே அந்தப் பக்கத்தைப் பிரித்தார். 300 பிரதிக்கும் திருத்தச் சீட்டு அச்சடித்து, கையில் மிஞ்சியவற்றில் ஒட்டினார்கள். பசை காய்ந்ததும் சீட்டு உதிர்ந்தது. அந்த அம்மாவிடம் ஏற்கெனவே போன பிரதியில் சீட்டும் கிடையாது.

இதைச் செய்யும் முறை எளியது. மூலப் படத்தை 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, ஏ3 தாளில் கறுப்பு வெள்ளையாக அச்செடுங்கள். மேலே டிரேசிங் தாள் வைத்துத் தலைகளை மட்டும் கோடாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எண் போடுங்கள். முன்வரிசை முதலில், பார்ப்பவரின் இடமிருந்து வலம். ஆசிரியருக்கும் எண் உண்டு. ஓரத்தில் பாதி தெரியும் முகத்துக்கும் எண் உண்டு. எண்களைக் கூட்டிய பிறகே பெயருக்கு வாருங்கள். அட்டைப் பட்டியலில் இருக்கும் பெயர்களின் எண்ணிக்கையோடு அது பொருந்தாவிட்டால், காரணம் தெரியும்வரை ஒரு பெயரும் எழுத வேண்டாம்.

பிறகு மூன்று பேரைத் தனித்தனியாக உட்கார வையுங்கள், ஆளுக்கொரு நகலோடு. ஒன்றாக உட்கார வைத்தால் உரத்துப் பேசுகிறவர் சொல்வதே எல்லாருக்கும் ஞாபகமாகிவிடும். அவர்களில் ஒருவராவது வேறு தோட்டத்துக்காரராக இருக்கட்டும், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். பையன்களுக்கு எதிர்வரிசைப் பெயர்கள் பாதிதான் தெரியும். இருவர் ஒத்துச் சொன்ன பெயர் மட்டும் பேனாவில். ஒருவர் மட்டும் சொன்னது பென்சிலில், கேள்விக்குறியோடு. யாருக்கும் தெரியாத இடம் வெறுமையாகவே அச்சாகட்டும், எண்ணோடு. வெறும் இடத்தைப் பார்த்தால் தெரிந்தவர் சொல்வார். தவறான பெயர் இருந்தால் பார்ப்பவர் நம்பிக்கொண்டு கடந்து போய்விடுவார்.

நெகட்டிவிலிருந்து எடுத்த படம் என்றால் ஒரு கூடுதல் சோதனை. நெகட்டிவைத் திருப்பி வைத்துவிட்டால் இடமும் வலமும் மாறிவிடும், பெயர் வரிசை முழுக்கத் தலைகீழாகும். பையன்களின் சட்டைப் பையைப் பாருங்கள். பை இடது மார்பில் இருக்கும், அதாவது உங்கள் பார்வைக்கு வலப்பக்கம். அப்படி இல்லையென்றால் படம் புரண்டிருக்கிறது.

பெயர் எழுதும் தாளில் ஐந்து கட்டம் போதும்: எண், அடையாள அட்டையில் உள்ள பெயர், தமிழில் பெயர், வகுப்பில் கூப்பிட்ட பெயர், அப்போதைய தோட்டமும் அதன் டிவிசனும் (பிரிவும்). கடைசிக் கட்டத்தை வீண் என்று நினைக்காதீர்கள். ஒரே வகுப்பில் மூன்று சரஸ்வதி இருந்தால் அவர்களைப் பிரித்துக் காட்டுவது அதுதான். தோட்டத்தின் பதிவுப் பெயரோடு, நம் ஆட்கள் வழங்கிய தமிழ்ப் பெயர் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

அடையாள அட்டைப் பெயர் எதற்கென்றால், பதிவு செய்த கிராணி (எழுத்தர்) கேட்டதைக் கேட்டபடி ரோமன் எழுத்தில் எழுதிய காலம் அது. ஒரு கணேசன் 'ஜி'யில் இருப்பார், இன்னொரு கணேசன் 'கே'யில். அகரவரிசையில் இருவரும் தூரதூரமாகப் போய்விடுவார்கள். பெண்கள் புலனத்தில் கணவர் பெயரோடு இருக்கலாம், அடையாள அட்டையில் இன்றும் அப்பா பெயர்தான். தேடும்போது அப்பா பெயரைக் கேளுங்கள்.

புலனத்தில் வந்த படத்தை அச்சுக்குக் கொடுப்பது

சாதாரணமாக அனுப்பிய படம் நீளப்பக்கம் ஏறக்குறைய 1600 புள்ளிக்குச் சுருங்கிவிடும். 300 டிபிஐ-யில் அச்சடித்தால் அது 13.5 சென்டிமீட்டருக்குத்தான் தாங்கும். பக்க அகலத்துக்கு இழுத்தால் பின்வரிசை முகங்கள் மாவாகக் குழையும். 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள். 3ஆர் அளவுப் (3.5 x 5 அங்குலம்) படத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 3000 புள்ளி கிடைக்கும், 25 சென்டிமீட்டர் வரை கவலையில்லை.

ஆல்பத்திலிருந்து பிய்ப்பது

வேண்டாம். பசைத் தாள் ஆல்பத்தில் 30 ஆண்டு ஒட்டியிருந்த படம் மேல்தோலோடு உரியும். மேலுள்ள பிளாஸ்டிக்கை மட்டும் விலக்கி, ஆல்பத்தோடு ஸ்கேனரில் கவிழ்த்து வையுங்கள். சட்டகக் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைக் கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் முதுகில் பால்பேனாவால் எழுதினால் முன்பக்கம் தழும்பு விழும். ஓர் உறையில் விவரத்தை எழுதிவிட்டுப் பிறகு படத்தை உள்ளே போடுங்கள்.

பணம்

அச்சகத்துக்கு முன்பணம் கட்டும் நாளுக்கு முன்பே வசூல் முடியட்டும், கணக்கு இரண்டு பேர் கையில் இருக்கட்டும்.

பழைய எழுத்துருவில் தட்டச்சு

வாழ்த்துரை எழுதித் தரும் ஆசிரியர்கள் சிலர் இன்னமும் பழைய எழுத்துருவிலேயே அடித்துத் தருகிறார்கள். அச்சகத்தில் திறந்தால் வெறும் குறிகள்தான் வரும். யூனிகோடில் வாங்குங்கள். இன்டிசைனில் பக்கம் அமைப்பவர் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் கெ, கொ, கௌ எல்லாம் பிரிந்து நிற்கும். பிழை பார்க்கும்போது முதலில் 'கோவிந்தன்' போன்ற பெயர்களைத் தேடிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கூடும் நாள்

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஊர் திரும்புகிறவர்கள் தனி ஒன்றுகூடலுக்கு வருவதில்லை. எண் போட்ட நகலை முதலில் அங்கே எடுத்துப் போங்கள்.

படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரிப்பது

நடுவில் ஊசி அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். அதில் நட்டநடு விரிப்பு ஒன்றில் மட்டுமே படம் முழுதாக ஒரே தாளில் விழும். முதுகில் பசை வைத்துக் கட்டும் புத்தகத்தில் எந்த விரிப்பும் முழுதாகத் திறக்காது, பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டராவது மடிப்புக்குள் போய்விடும். வகுப்புப் படத்தில் சரியாக அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர் வகுப்பாசிரியர். படத்தைப் பக்கவாட்டில் சுழற்றி, ஒரே பக்கத்தில் நீளவாக்கில் போடுங்கள். எண் போட்ட கோட்டுப்படமும் பெயர்களும் எதிர்ப்பக்கத்தில் வரட்டும்.