குடிப்பவர் சிகிச்சைக்கு மறுத்தால் வீட்டார் செய்யும் தவறுகள்

தண்டையார்பேட்டையில் குடிநோயாளிகளின் வீட்டாரைச் சந்தித்துப் பேசுவது என் வேலை. கத்தாதீர்கள், குடிக்கக் காசு கொடுக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விடுங்கள். புதிதாக வருகிறவர்களில் பலர் அதைவிடப் பெரிய வேலை ஒன்றைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

சாப்பாட்டில் மருந்து கலப்பது

'அவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்' என்று விற்கும் பொடியில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. மாத்திரை என்றால் பெரும்பாலும் டைசல்ஃபிரம். அது குடிக்கும் ஆசையைக் குறைப்பதில்லை. மது உடம்பில் அசிட்டால்டிஹைடாக மாறிப் பிறகு கழிய வேண்டும். கழிய விடாமல் இந்த மாத்திரை தடுக்கிறது. அதோடு குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். உயிரும் போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் 2 வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. அதனால்தான் டாக்டர்கள் நோயாளியிடம் எல்லாம் சொல்லி, அவர் சம்மதத்தோடு, குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகே கொடுக்கிறார்கள்.

காசிமேட்டு அக்கா ஒருவர் மீன் குழம்பில் இந்த மாத்திரையைப் பொடித்துப் போட்டார். ராத்திரி புருஷன் மூச்சுவாங்கிச் சுருண்டு விழ, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் கேட்டும் அக்கா மாத்திரையைப் பற்றி வாய் திறக்கவில்லை, பயம். எப்படியோ புருஷன் பிழைத்தார். விஷயம் தெரிந்ததும் வீட்டுச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரி என்றாலே, "அங்கயும் எதையாவது கலப்பீங்க" என்கிறார். மறுத்துக்கொண்டிருந்தவருக்கு நியாயமான காரணத்தையும் கையில் கொடுத்தாயிற்று! இதைச் சொன்னால், "எங்க வீட்ல ஒண்ணும் ஆகலையே" என்று பதில் வரும். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அறையில் பூட்டி வைப்பது

தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் 2 நாளில் வலிப்பு வரலாம். அதையொட்டி உளறலும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவதும் வரலாம். பேய் பிடிக்கவில்லை, உடனே ஆஸ்பத்திரி.

ஆள் வைத்து வேனில் ஏற்றுவது

சிகிச்சை மையத்திலிருந்து வெளியே வந்ததும் நேராக டாஸ்மாக்தான்.

அவர் வரவில்லை என்று நீங்களும் போகாமலிருப்பது

ஆலோசனைக்கு நீங்கள் தனியாகவே போகலாம். 14446 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். 'கீழ்ப்பாக்கம்' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், "நான் இன்னா பைத்தியமா?" என்பார். ஸ்டான்லியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. போதை தெளிந்த நேரத்தில், குடியைப் பற்றிப் பேசாமல், "கை நடுங்குதே, தூக்கமும் இல்ல, ஒரு தடவ காட்டிட்டு வரலாமா?" என்று கேளுங்கள். வயிற்று வலிக்கென்று வந்து, அங்கே டாக்டர் கேட்கும்போது குடியைப் பற்றித் தானாகவே சொன்னவர்கள் உண்டு.